பன்னிரண்டு நாள் அசையாமல்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணிக்கு இருமல் விட்டதா, உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுது. ‘எல்லாரும் நலம்’ என்று ஒரே வரியில் மூட்டை கட்டாதே.

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மா குறைப்பட்டாளாமே. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். அங்கே இறங்கியிருக்கும் எங்கள் ஊர்தி அந்தக் கணக்கில் விழித்துத் தூங்குகிறது. இங்கே நாங்களும் அப்படியே. இன்று காலை எட்டு மணிக்கு வேலை என்றால் நாளை எட்டு நாற்பது, மறுநாள் ஒன்பது இருபது. இரண்டரை வாரத்தில் பகல் தலைகீழாகிவிடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டிவைத்துத் தூங்குகிறேன். நீங்கள் கூப்பிடும் நேரம் எனக்கு நடுச்சாமமாக இருக்கும். கடிதம் என்றால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்; அம்மாவும் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

ஊர்திக்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. நாங்கள் நத்தை என்கிறோம். நல்ல நாளில் அறுபது மீட்டர் நகரும். என் பெட்டி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது, ஒரு செங்கல் அளவு. நத்தையின் கை அதை எடுத்து மண்ணில் வைத்ததும், செவ்வாயின் உள்ளே எங்காவது நிலம் நடுங்கினால் அது கேட்கும். ஆனால் நத்தை நகரக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, கேமராவைக்கூடத் திருப்பக் கூடாது. சக்கரம் ஒரு விரல்கடை உருண்டாலும் பெட்டிக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மே ஆறாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாள் எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெட்டியைக் கட்ட ஆறு வருஷம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளுக்காகத்தான் அவ்வளவும்.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை

-

பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன். கேட்டபடி தனித்தனியாக: அம்மாவின் முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது, வம்பு பேசப் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது வலிப்பதில்லை. அண்ணியின் இருமல் போய்விட்டது. என் ரத்த அழுத்தம் மருத்துவருக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருக்கிறேன்.

உன் பெட்டியின் சங்கதி எனக்குப் புரியாமல் இருக்குமா? நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் ‘அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க’ என்று கத்துகிறவனிடமா சொல்கிறாய். எனக்கு ஒரு வினாடி போதும், உனக்குப் பன்னிரண்டு நாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வருத்தம். எங்கள் மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தில் டிவி ஓடும். போன வாரம் நத்தை அனுப்பிய படங்களைக் காட்டினார்கள். கை உடைந்து கட்டுப்போட வந்த ஒரு பெரிய மனுஷர், ‘மறுபடியும் கல்லா’ என்று சேனலை மாற்றச் சொன்னார். அது என் தங்கை வேலை பார்க்கும் வண்டி என்றேன். ‘அப்படியா, அந்தம்மா கல்லைத்தான் பார்க்கிறாங்களா’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ ஊமைக்கோட்டான், உன் பெருமையை நீ சொல்லிக்கொள்ள மாட்டாய்.

உங்கள் நிலையத்திலிருந்தே ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்களே, தரையிறங்கிய ஆண்டு நிறைவு அன்று நத்தை என்ன செய்யலாம் என்று. நானும் ஒரு யோசனை எழுதிப் போட்டிருக்கிறேன். என்னவென்று கேட்காதே.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள். எந்த நேரத்துக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

அண்ணன்

-

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தான். அம்மாவின் முழங்கால் விவரம் படித்துச் சிரித்தேன். ரத்த அழுத்தத்தை எழுதாமல் தப்பித்துவிட்டாய், அடுத்த கடிதத்தில் எண் வேண்டும்.

போட்டியை நடத்துகிறவர் எங்கள் விளம்பர அதிகாரி. காதில் பேனா செருகுவதுபோல் எப்போதும் சட்டையில் ஒரு மைக் செருகியிருப்பார். அதனால் அவர் பெயரே மைக். கெட்டவர் இல்லை. மக்கள் பார்க்கவில்லை என்றால் அடுத்த ஊர்தி இல்லை என்பது அவர் வாதம். அதுவும் பொய்யில்லை.

என் அறைத் தோழி பாறை ஆராய்ச்சிக்காரி. நத்தைக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டரில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது, புத்தகத்தைப் படுக்க வைத்தமாதிரி அடுக்கடுக்காக. அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்ததா என்று அந்த அடுக்குகள் சொல்லுமாம். எட்டு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் என் பன்னிரண்டு நாள், பிறகு அவள் பாறை, அதற்குள் அங்கே குளிர்காலம் வந்துவிடும். சூரிய ஒளி குறைந்தால் நத்தைக்கு மின்சாரம் இல்லை. நாளுக்கு நாள் சிக்கனம் பிடிக்கிறோம்.

தங்கை

-

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

தலைகால் புரியவில்லை, அதனால் நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

உன் அண்ணன் ஜெயித்துவிட்டான். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் எழுதியதில் என் யோசனையைத்தான் எடுத்திருக்கிறார்கள். நத்தை ஆடப்போகிறது. வலம் மூன்று வட்டம், இடம் மூன்று வட்டம், நடுவில் கையைத் தூக்கி ஒரு வணக்கம். செவ்வாய் மண்ணில் முதல் ஆட்டம். இனி யாராவது ‘மறுபடியும் கல்லா’ என்று கேட்கட்டும் பார்க்கலாம்.

மே பதினான்காம் தேதி இங்கே பெரிய அரங்கத்தில் திரை கட்டி நேரலையில் காட்டுகிறார்களாம். மேடையில் நான்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மருத்துவமனையில் இனிப்புக் கொடுத்தேன். எலும்பு மருத்துவர், இதுவரை என் பெயரே தெரியாதவர், கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அண்ணி எனக்குப் புதுச் சட்டை எடுத்திருக்கிறாள். அம்மா தெருவில் சொல்லிக்கொண்டு போகிறாள்: ‘அங்க மக, இங்க மகன், ரெண்டு பேருமா அந்த வண்டிய ஓட்டுறாங்க.’

உனக்கு முன்பே தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை? ஒரு மணி நேரக் கூத்து, உன் வேலைக்கு இடைஞ்சல் இருக்காதே?

நீ நலமா? நாங்கள் மிக நலம். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பது. சந்தோஷத்தில் ஏறியது, மன்னித்துவிடு.

அண்ணன்

-

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். வாழ்த்துகள். புதுச் சட்டையில் படம் எடுத்து அனுப்பு. ரத்த அழுத்த மாத்திரையை விடாதே.

உன் பெயரை நான் முன்பே பார்த்தேன். முடிவு வரும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

வேலை இப்போது அவ்வளவு இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். பாறைக்காரி செடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அம்மாவை அரங்கத்தில் முன்வரிசையில் உட்கார வை. படியேற விடாதே.

தங்கை

-

மே 17

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நான் புதுச் சட்டையோடு மேடையில், முன்னால் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அம்மாவும் அண்ணியும் முன்வரிசையில். உங்கள் மைக் பேசினார். என்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“இந்த ஆட்டத்துக்காக ஒருத்தங்க ஆறு வருஷ உழைப்ப விட்டுக்கொடுத்திருக்காங்க. மணல் திடலுக்குப் போக, ஒத்திகை பாக்க, மின்சாரம் சேக்கன்னு அவங்களோட பன்னிரண்டு நாளும் போயிடுச்சு. அவங்க வேற யாருமில்ல, நம்ம வெற்றியாளரோட தங்கச்சி.”

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அம்மாவும் தட்டினாள், அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். எனக்கு முழுதும் புரிந்தது. கை பொத்தான் மேல் இருக்கிறது. எல்லோரும் பத்து, ஒன்பது என்று எண்ணுகிறார்கள். நான் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இரண்டாயிரம் பேர் பார்க்கும்போது எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழுத்தினேன்.

அந்தப் பொத்தானுக்கு ஒயர்கூடக் கிடையாதாம், தெரியுமா? விளக்கு எரிய மட்டும் ஒரு பேட்டரி. கட்டளை காலையிலேயே உங்கள் இடத்திலிருந்து போய்விட்டது என்று பிறகு ஒரு மின்பணியாளர் சொன்னார்.

நத்தையின் கேமரா வழியாகத் திரையில் முதல் வட்டம் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதில் பின்சக்கரம் மணலில் இறங்கியது. படத்தில் அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதுவும் ஆட்டத்தில் ஒரு அடவு என்று நினைத்துக் கூட்டம் விசில் அடித்தது. திரையை அணைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், புதைந்தது உன் நத்தை. பிப்ரவரியிலேயே நீ எழுதியிருக்கிறாய், சக்கரம் விரல்கடை உருளக் கூடாது என்று. நான் படித்தேன், வேடிக்கையாகப் பதிலும் எழுதினேன். என் கணக்கில் எல்லாமே ஒரு வினாடி வேலை. ஒரு ஆட்டத்துக்கு உன் நாள் அத்தனையும் போகும் என்று புத்தியில் ஏறவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்

-

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அம்மா தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிக் கேட்கிறாள். மருத்துவமனையில் என்னைப் பார்த்தால் ‘வண்டியப் புதைச்சவரு’ என்கிறார்கள். சரிதானே, தாங்கிக்கொள்கிறேன். நத்தையை இனி நகர்த்த முடியாது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அண்ணி மடித்து ஒளித்துவைத்தாள், நான் எடுத்துப் படித்துவிட்டேன்.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மாவுக்கு மட்டுமாவது எழுது.

அண்ணன்

-

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவிடம் முதலில் இதைப் படித்துக்காட்டு. மீதியை நீ தனியாகப் படி.

கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

மார்ச்சில் முடிவெடுக்கும் கூட்டம் நடந்தது. நாங்கள் ஏழு பேர். ஜெயிக்கும் யோசனை ஒன்றை எடுத்துக்கொள்வதா, எதுவும் வேண்டாம் என்று விடுவதா என்று ஓட்டுப்போட வேண்டும். காகிதத்தில் உன் பெயரைப் பார்த்தேன். உறவுக்காரர் விஷயம் என்றால் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுந்து போய்விட்டேன். மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது தலைவர் ஆட்டத்தின் பக்கம் சாய்ந்தார். போகுமுன் ஒரு நிமிடம் நின்று, என் பன்னிரண்டு நாள் போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. நீ எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். கெஞ்சுவதற்குக் கௌரவமும் இடம் கொடுக்கவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆகவே பழி முழுவதையும் நீயே சுமக்காதே, எனக்கும் பங்கு கொடு.

இதற்குமேல் எழுதத்தான் இரண்டு மாதம் பிடித்தது.

சக்கரம் புதைந்தபோது இங்கே எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பாறைக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் பாறைக்கு இனி யாரும் போகப்போவதில்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனசுக்குள் என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம். நகர முடியாத நத்தை எனக்குத்தான் என்று தோன்றியது. அவளைத் தேற்றிக்கொண்டே, குளிர்காலத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவள் உனக்கு ‘பரவாயில்லை அண்ணா’ என்று எப்படி எழுதுவேன்?

மே இருபதில் பெட்டியைத் தரையில் இறக்கினோம். காற்றின் சத்தம், வெயிலில் உலோகம் விரியும் சத்தம், இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினேன். ஜூன் இருபத்தேழு அன்று, பெட்டி கேட்பதைத் திரையில் வரையும் கோடு துள்ளியது. அங்கே அப்போது சாயங்காலம், காற்று அடங்கியிருந்தது. முதல் அலை வந்து இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி கழித்து இரண்டாவது அலை. அந்த இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம்: ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் உடைந்திருக்கிறது. பதினோரு நிமிடம் நடுங்கியது, அண்ணா. என் பெட்டி ஒரு வினாடி விடாமல் கேட்டது.

ஆட்டத்தால்தான் இது கிடைத்தது என்று உங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதினால் நம்பாதே. ஆடாமல் நத்தை நின்று கேட்டிருந்தால் என் பன்னிரண்டு நாளும் கிடைத்திருக்கும், அவள் பாறையும் கிடைத்திருக்கும்.

தங்கை

-

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கு நீ சொன்ன பகுதியைப் படித்தேன். பிறகு என் கண்ணைப் பார்த்து அவளாகவே கடிதத்தைப் பிடுங்கி முழுதும் படித்துவிட்டாள். முழங்கால் வலியோடு மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். தெருவில் ‘பதினோரு நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டு போகிறாள். அண்ணி நலம். ரத்த அழுத்த எண் நூற்று முப்பது, நீ எழுதியதும் இறங்கிவிட்டது.

நீ சந்தோஷப்பட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த இடத்தில் சந்தோஷம் வராவிட்டால்தான் ஆச்சரியம். தப்பு, மார்ச்சில் வாயைத் திறக்காதது. அதற்கு உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். மேடையில் கையை எடுக்காதவன் யாரைத் திட்டுவது? நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு விஷயம். போன வாரம் மைக் என்னைத் தேடி மருத்துவமனைக்கே வந்தார். குளிர்காலம் வந்து நத்தை நிற்கப்போகும் கடைசி நாளில், மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கையை ஆட்டி எல்லோருக்கும் விடைசொல்ல வைக்க வேண்டுமாம். பின்னணியில் இசை. இப்போது பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறதாம், நீ பிடிவாதக்காரியாம், அண்ணன் சொன்னால் கேட்பாயாம். எனக்கு மறுபடியும் மேடையாம்.

அவரை எக்ஸ்ரே அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே என் உதவியாளர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மைக்கிடம் சொன்னேன்: “சார், இந்த விளக்கு எரியும்போது முதலாளியே வந்தாலும் கதவத் தொறக்கக் கூடாது. என் தங்கச்சி அறையில இப்ப விளக்கு எரியுது.”

கோபப்படவில்லை மனுஷர். சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் விடமாட்டார். கூட்டத்தில் கேட்பார். இந்தத் தடவை எழுந்து போகாதே, தாயே. உட்கார்ந்து பேசு.

உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத வரவில்லை. வந்த வரைக்கும் இதுதான்.

அண்ணன்

-

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டேன். இனி உங்கள் நேரத்தில் தூங்கி உங்கள் நேரத்தில் எழுவேன். அம்மாவைப் போனில் கூப்பிடச் சொல், எடுக்கிறேன்.

கூட்டம் நடந்தது. நாற்காலியை மேஜைக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். மைக் கேட்டார், நான் முடியாது என்றேன். கையை ஆட்டினால் பெட்டிக்கு அந்தக் கடைசி நான்கு மணி நேரம் இல்லை என்று விளக்கினேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார்:

“அப்ப மக்களுக்கு நான் என்னத்தக் காட்டுறது?”

“கோட்டக் காட்டுங்க.”

“நாலு மணி நேரமும் ஒண்ணுமே நடக்கலேன்னா?”

“ஒண்ணும் நடக்கலேன்னு காட்டுங்க. அதுவும் நாங்க அளந்ததுதான்.”

ஐந்துக்கு இரண்டு. அந்த ஏழு பேரில் என் பக்கம் முதலில் கை தூக்கியவள் பாறைக்காரி. கூட்டம் முடிந்து நடைபாதையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மே மாதம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாள் எண்ணியதையும். தெரியும் என்றாள். “உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. நான் ரெண்டு நாள் உன்கூடப் பேசலியே, கவனிக்கலியா?” நான் கவனிக்கவே இல்லை, அண்ணா. அந்த இரண்டு நாளும் பெட்டியை இறக்கும் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் வந்த நடுக்கத்தின் அலைகள் தரைக்கடியில் எங்கே வேகம் குறைந்தன என்று இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம். அவள் தேடிய ஏரி அதில் தெரியாது. அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரியும்.

கடைசி நாள் முந்தாநாள். அறையில் முப்பது பேர் இருந்தோம். மைக் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோடு ஓடியது. முதல் மணி நேரத்தில் காற்று. பிறகு காற்றும் நின்றது. துள்ளவில்லை, வளையவில்லை. நான்கு மணி பதினோரு நிமிடம் கழித்து மின்சாரம் தீர்ந்து கோடு நின்றது. யாரும் கை தட்டவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.

பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டும். நேரம் எழுதினேன். நடுக்கம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். எல்லாம் சேர்த்து நூற்று ஆறு நாள், மூன்று நடுக்கம், கடைசி நாளில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று செவ்வாயிலிருந்து கேட்டு எழுதுகிற அளவுக்கு ஒரு பெட்டியைக் கட்டியது நாங்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். எதிலும் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் கையெழுத்துப் போட்டதில்லை, அண்ணா.

தங்கை